அந்தப் படையலில் இறைச்சி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சொல்லாய்வுப் பகுதியில், ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில பைபிளில் வரும் 'மீட் ஆஃபரிங்' என்பதை 'இறைச்சிப் படையல்' என்று எழுதியிருந்தீர்கள். முப்பது ஆண்டு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அந்தப் படையலில் ஒரு துண்டு இறைச்சிகூடக் கிடையாது. லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மெல்லிய மாவு, அதன்மேல் எண்ணெய், தூபவர்க்கம். அவ்வளவுதான். நம் தமிழ் பைபிள் இதைப் 'போஜனபலி' என்று சரியாகவே சொல்கிறது.

அந்த ஆங்கில பைபிள் வெளிவந்த 1611இல் 'மீட்' என்றால் முதன்மையாக உணவு. பழைய ஆங்கிலத்தில் அது 'மெட்டே'; சோறோ ரொட்டியோ, சாப்பிடுகிற எதுவும் அதில் அடங்கும். இறைச்சிக்கு 'ஃபிளெஷ்' என்று வேறு சொல் இருந்தது. சுவீடனில் இன்றும் சாப்பாட்டுக்கு 'மாத்' என்றுதான் பெயர். இரண்டும் ஒரே வேர். 1300 வாக்கில் இறைச்சி என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பழைய பொருள் பல நூற்றாண்டுகள் விலகவில்லை.

மனிதர் உணவு மட்டுமல்ல, கால்நடைத் தீவனமும் 'மீட்'தான். ஆதியாகமம் 1:30இல் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் கடவுள் பசும்பூண்டுகளை 'மீட்' ஆகக் கொடுக்கிறார். இங்கிலாந்து விவசாயிகள் மாட்டுக்குப் போடும் பசுந்தீவனத்தை 'கிரீன் மீட்' என்றார்கள். மாட்டுக்கு வைப்பதும் தீனி, பிள்ளைகள் கொறிப்பதும் நொறுக்குத் தீனி என்று நாம் சொல்வதில்லையா, அப்படித்தான். ஆபகூக் 3:17இன் ஆங்கிலத்தில் வயல்கள் 'மீட்' விளைவிக்காமல் போவதாக வருகிறது. வயலில் இறைச்சி விளையுமா? தமிழில் அங்கே 'தானியம்' என்றிருக்கிறது.

வகுப்பில் இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் 'ஸ்வீட்மீட்' என்ற சொல் வரும்போதெல்லாம், "இனிப்புல கறி போடுவாங்களா டீச்சர்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. இந்தக் கதை முழுவதையும் சொல்ல அன்றைய பாடவேளை போதாது.

குழப்பம் ஆங்கிலேயருக்கே வந்ததால்தான் 1885இல் வந்த திருத்தப் பதிப்பில் அதை 'மீல் ஆஃபரிங்', அதாவது மாவுப் படையல், என்று மாற்றினார்கள். உங்கள் இதழை மாணவர்கள் நம்பிப் படிக்கிறார்கள். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை