செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். ஆகவே நேராகக் குளத்துக்கு வந்துவிடுகிறேன்.

2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2022-இல் பறவைகள் சரணாலயமான குளத்துக்குக் கிடைத்த இந்த அங்கீகாரத்தில் நம் எல்லோருக்கும் அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் குளம் நிலைப்பது வரத்து நீரால்தான். நொய்யலின் துணையாறான நல்லாறு கெட்டால் இந்தக் குளமும் கெடும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், ஆண்டு முழுக்க ஓடும் ஆறல்ல. மழை பெய்தால் வெள்ளம், இல்லாவிட்டால் மணல். அதனால்தான் தண்ணீரை அணைக்கட்டுகளில் மறித்து, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாகச் சேர்த்து வைத்தார்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கடைசியில் சாயக்கழிவு தேங்கியதை இங்கே பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஆற்றில் விட்டது எங்கேயாவது போய்த் தேங்கத்தான் செய்யும்.

அப்புறம், தூர்வாருதல் பற்றி. குளம் முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டி, கரையைச் சுற்றிக் கல் பதித்து நடைபாதை போட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நெடுங்கால் உள்ளானுக்குக் கால் நனையும் அளவு தண்ணீரும் அதற்கடியில் சேறும் வேண்டும். அங்கேதான் அது புழுவையும் பூச்சியையும் கொத்தித் தின்னும். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டும். கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைச் செடியால் மூடிவிட்டுப் போகும். கோரையையெல்லாம் வழித்தெடுத்த கரையில் அது எங்கே கூடு கட்டும்? இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துக்குக்கூட இறங்கி மேய ஈரமான புல்வெளி வேண்டும்.

ஆகாயத்தாமரையையும் சீமைக்கருவேலத்தையும் எடுக்கத்தான் வேண்டும், சரி. ஆனால் நாட்டுக் கோரை நிற்கட்டும்.

ஆகவே, வரத்து வாய்க்காலில் கழிவுநீர் கலக்கும் இடங்களை முதலில் அடைக்க வேண்டும், குளத்தின் ஆழமற்ற ஓரங்களைத் தோண்டாமல் விட வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பத் தீர்மானம் முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கையெழுத்திட, நகல் மேசைமேல் இருக்கிறது.