கண்ணாடிப் பையும் மஞ்சப்பையும்

சார்லட்
17 நவம்பர் 2024

அன்புள்ள குமரேசா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய இரண்டு குரல் பதிவுகளுக்கும் பதில் போடவில்லை. திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். செல்வியின் நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்தோம். மாப்பிள்ளை சிரித்த முகம். பஞ்சுவின் சாயல் எந்தக் கோணத்திலும் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. தை மாதக் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவும் இப்போது சௌக்கியம்தான்.

'இப்போது' என்று ஏன் எழுதினேன் என்று கேட்பாய். சொல்கிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

நித்யா கல்லூரியில் மார்ச்சிங் பேண்டில் சேர்ந்திருக்கிறாள். கிளாரினெட் வாசிக்கிறாள். அப்பாவைக் கேட்க வேண்டுமா? திருச்சியில் ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி எங்கே நடந்தாலும் ரயில்வே ட்யூட்டியை மாற்றிக்கொண்டு ஓடினவர். "கிளாரினெட்டா! எம் பேத்தியா!" என்று ஜூலையில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே பாட்டு. பேண்ட் வாசிப்பதைக் கேட்க வேண்டுமென்றால் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்குப் போயாக வேண்டும். அப்படித்தான் மாட்டிக்கொண்டோம்.

இந்தக் கல்லூரி ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தை நீ நேரில் பார்த்தால்தான் நம்புவாய். ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே ஒன்றேகால் லட்சத்தைத் தொடவில்லை. லட்சத்துக்கு மேல் இருக்கை உள்ள கல்லூரி ஸ்டேடியங்கள் இந்த நாட்டில் எட்டு இருக்கின்றன. நித்யாவின் கல்லூரி அந்த வரிசையில் வராது. ஆனாலும் சேப்பாக்கத்தை அதற்குள் வைத்துவிட்டு ஓரத்தில் கடை போடலாம்.

முதல் ஆட்டம் செப்டம்பரில், அவள் கல்லூரியிலேயே. வெயில் நம்ம ஊர் சித்திரை போல. கிளம்பும்போது அப்பா மஞ்சப்பையோடு வந்து நின்றார். உனக்குத் தெரியுமே அந்தப் பை, உன் கல்யாணத்தில் கொடுத்ததுதான், இன்னும் உழைக்கிறது. உள்ளே மாத்திரை, இன்சுலின், மேரி பிஸ்கட், ஒரு குளுக்கோஸ் பொட்டலம், தினமணி. "அப்பா, இங்கே துணிப்பைக்கு அனுமதியில்லை, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டு போகலாம்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். ஊரில் 2021லிருந்து 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே பிளாஸ்டிக்கைத் தூக்கிப்போடச் சொல்கிறது. இங்கே மஞ்சப்பையைப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள் என்கிறார்கள். "சரி, அவன் ஊர், அவன் ரூல்" என்று சொல்லி ஒவ்வொரு சாமானாக மாற்றினார். மஞ்சப்பையை மட்டும் நான்காக மடித்து, கண்ணாடிப் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டார்.

இந்தப் பைக்கு அளவு உண்டு: 12 அங்குலம், 6 அங்குலம், 12 அங்குலம். பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த 2013இல் தொழில்முறை லீகான என்எஃப்எல் இதைக் கொண்டுவந்தது. தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பான எஸ்இசி 2017இல் எடுத்துக்கொண்டது. காரணம் புரிகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை.

அன்றைக்கு கேட்டில் இருந்தவர் ரிடையரான மனிதர், அப்பாவைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். இன்சுலினைப் பார்த்ததும் பையில் ஒரு சீட்டைக் கட்டி, "போய் ரசியுங்கள் சார்" என்று அனுப்பிவிட்டார். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று கொண்டு போகலாம். இடுப்புக்கு வைத்துக்கொள்ளும் மெத்தைக்கும் தடையில்லை. பேண்ட் மைதானத்துக்குள் நடந்து வந்தபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஆட்டத்தில் ஒன்றும் புரியவில்லை. டிவி விளம்பரத்துக்காகக் கோட்டோரம் ஒருவர் வந்து நிற்பார், அவர் விலகும் வரை பதினொரு பேரும் பதினொரு பேரும் சும்மா நிற்க வேண்டும். அப்பா அதை உடனே பிடித்துக்கொண்டார். "அவுட்டர்ல நிறுத்திட்டான்டா" என்றார். அறுபது நிமிஷ ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடுவதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

அக்டோபரில் பக்கத்து மாநிலத்தில் வேறொரு கல்லூரியோடு ஆட்டம். பேண்டும் கூடப் போகிறது. அப்பா விடவில்லை. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தொலைக்காட்சிக்காரன்தான் முடிவு செய்வான். பன்னிரண்டு நாள் முன்னால் சொல்வான், சில சமயம் ஆறு நாள் முன்னால்தான். நான் சாயங்கால ஆட்டம் என்று நினைத்து ஹோட்டல் போட்டேன், அவன் மதியம் பன்னிரண்டு என்றான். நான்கு மணிக்கே எழுந்து காரோட்டினேன்.

அதே பை, அதே மருந்து, அதே மெத்தை, அதே தண்ணீர். அவ்வளவு ஏன், அதே அப்பா! கேட்டில் நின்ற பெண்ணுக்கு நித்யா வயதுதான் இருக்கும். மஞ்சள் மேல்சட்டை. கையில் ஓர் அட்டை, அட்டை நடுவே நீள்சதுரமாக ஒரு ஓட்டை. மெத்தையில் ஜிப் வைத்த பாக்கெட் இருக்கிறது, கூடாது. தண்ணீர் கூடாது. கண்ணாடிப் பை சரி, ஆனால் உள்ளே இருக்கும் மருந்துப் பை துணியாக இருக்கிறது. அதை அந்த ஓட்டையில் நுழைத்துப் பார்த்தாள். அரை அங்குலம் இடித்தது. திருப்பிப் போட்டு நுழைத்தாள். அப்போதும் இடித்தது. மருந்து என்று சொன்னேன். மருந்துக்குத் தனி கேட், ஸ்டேடியத்தின் அந்தக் கோடியில் என்று கை காட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை, பாவம், அவள் முகத்திலேயே சங்கடம் தெரிந்தது. பின்னால் க்யூ முணுமுணுக்கிறது. உள்ளே டிரம் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். அந்தக் கோடிக்கு நடந்திருக்க வேண்டும். அப்பா, "விடுடா, சாப்டாச்சு, ஊசியும் போட்டாச்சு, மூணு மணி நேரம்தானே" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். கார் ஒன்றரை மைல் தூரம். சுற்றிப் பார்த்தால் வேலியோரப் புதருக்கடியில் ஏற்கெனவே நாலைந்து பைகள் ஒளிந்திருந்தன. நானும் மருந்து, பிஸ்கட் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு ஒரு செடிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். எம்.டெக். படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதே, கமலா கேட்டுவிட்டாள்.

இரண்டாவது கால்பகுதி முடியப் போகிற நேரம். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். வெயிலுக்கு வேர்க்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் கை நடுங்குகிறது. "கண்ணு ஒரு மாதிரி இருக்குடா" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. காலையில் காரில் இட்லியைப் பாதியில் மூடி வைத்தது அப்போதுதான் ஞாபகம் வருகிறது. குளுக்கோஸ் செடிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எதையாவது வாங்கி வருகிறேன் என்று படியேறி ஓடினேன். கடையில் க்யூ, எனக்கு முன்னால் முப்பது பேராவது இருப்பார்கள். முதல் ஆளுக்கு பீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

டேய், அந்த க்யூவில் நின்றபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எஸ்இசி கல்லூரிகள் பொது இருக்கைகளில் பீரும் ஒயினும் விற்கலாம் என்று 2019இல் விட்டுவிட்டார்கள். ஒரு தடவைக்கு ஆளுக்கு இரண்டு, மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் நிறுத்த வேண்டும். இப்படிச் சில பொது விதிகள்தான், விற்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் கல்லூரி இஷ்டம். வெஸ்ட் வர்ஜீனியாவில் 2011இல் உள்ளே பீர் விற்க ஆரம்பித்தபோதுதான், நடுவில் வெளியே போய்வரும் பாஸை நிறுத்தினார்கள். காரில் போய்க் குடித்துவிட்டு வருவதைத் தடுக்க. சரி, நியாயம்தான். மாட்டுக்குக் கட்டும் மணி கதை தெரியுமா? மிசிசிப்பி ஸ்டேட் ரசிகர்கள் ஆட்டத்துக்கு மாட்டு மணியோடு வருவார்கள், அது அவர்கள் பரம்பரை வழக்கம். 1974இல் எஸ்இசி தடை போட்டது. கேட்பாரா? மறைத்துக் கொண்டுபோய் ஆட்டினார்கள். 2010இல் கூட்டமைப்பே இறங்கிவந்து, பந்து ஆட்டத்துக்குத் தயாராகாத இடைவேளைகளில் மட்டும் ஆட்டலாம் என்று ஒத்துக்கொண்டது. மணிக்கு வழி பிறந்தது, மருந்துக்குத் தனி கேட்!

இன்னொன்று கேள். இந்த அக்டோபர் 5ஆம் தேதி நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் அணி அலபாமாவை 40-35 என்று தோற்கடித்தது. ரசிகர்கள் மைதானத்தில் குதித்து, கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர் நடுத்தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். 2022இல் டென்னசி பல்கலைக்கழகத்திலும் இதே கதை, ஆறுதான் வேறு. புதுக் கம்பம் வாங்கக் கல்லூரியே ரசிகர்களிடம் நன்கொடை கேட்டது. இரண்டு கல்லூரிக்கும் லட்சம் டாலர் அபராதம். கட்டினார்கள், கொண்டாடினார்கள். அந்த இரும்புக் கம்பம் எந்த ஓட்டையில் நுழைந்து வெளியே போனது என்று அட்டை வைத்திருந்த பெண்ணிடம் கேட்கத் தோன்றியது.

லெமனேடை வாங்கிக்கொண்டு பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ஓடி வந்தேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாயில் எதையோ குதப்புகிறார். பக்கத்து இருக்கையில் எதிர் அணிச் சட்டை போட்ட ஒரு பாட்டி. முழங்கால் வரை பூட்ஸ். அப்பா நடுங்குவதைப் பார்த்ததும், தன் வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான் என்று சொல்லி, பூட்ஸுக்குள் கைவிட்டு ஒரு பிடி மிட்டாயை எடுத்திருக்கிறாள். இந்த ஸ்டேடியத்துக்கு நாற்பது வருஷமாக இப்படித்தான் கொண்டுவருகிறாளாம்! நான்கு மிட்டாய். முப்பத்தாறு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனிதர், கடத்தல் சரக்கைக் கூச்சமில்லாமல் தின்றார். 

அதற்குள் இடைவேளையில் பேண்ட் வாசிப்பது முடிந்துவிட்டது. இருபது நிமிஷம், அவ்வளவுதான். நித்யா வாசித்ததை நான் கேட்கவில்லை. அப்பா கேட்டிருக்கிறார். "கடைசியில கொஞ்சம் ஸ்ருதி விலகிச்சு, அவகிட்ட சொல்லாதே" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பும்போது காரில் நான்தான் புலம்பிக்கொண்டே வந்தேன். நூற்று முப்பதுக்கு மேல் பெரிய கல்லூரி அணிகள், அவ்வளவு ரூல் புத்தகங்கள் என்றேன். "சமஸ்தானம்" என்றார் அப்பா. "எனக்கு வாஞ்சி மணியாச்சியிலேயும் அதே ரூல், வாரணாசியிலேயும் அதே ரூல்." பெருமையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, அரியலூரில் ஒரு கிழவியை இறக்கிவிட்ட கதையைச் சொன்னார். முந்தின நாள் டிக்கெட். மகளைப் பார்க்கத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாளாம். ராத்திரி பதினொரு மணி. "ரூல் சரிதான்டா. அவ முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த சில்லறையை எண்ணிப் பார்த்தது மட்டும் மறக்கல" என்றார். இதை அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நீ ரயில்வே காலனியில் வளர்ந்தவன், உனக்குச் சொல்லியிருக்கிறாரா?

1999இல் சேப்பாக்கம் போனோமே, பாகிஸ்தான் பன்னிரண்டு ரன்னில் ஜெயித்து ஊரே எழுந்து நின்று கைதட்டிய டெஸ்ட். உன் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை கேட்டில் ஒரு போலீஸ்காரர் பிரித்து, முகர்ந்து பார்த்து, "எள்ளு வறுத்துப் போட்டிருக்காங்க" என்று சொல்லி உள்ளே விட்டாரே. அந்த நாலு நாளும் எந்த ரூலில் அதைக் கொண்டுபோனோம் என்று உனக்காவது ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா போனபோது நான் வரவில்லை. விசா என்று சொன்னேன். விசா பாதிக் காரணம்தான். இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

மஞ்சப்பை செடிக்குப் பின்னால் அப்படியே இருந்தது. மேரி பிஸ்கட்டை எறும்பு தின்றுவிட்டது. தினமணி பத்திரம்.

நவம்பர் கடைசியில் நித்யா கல்லூரியில் இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். அப்பா வருகிறேன் என்கிறார், கமலா கூடவே கூடாது என்கிறாள். கண்ணாடி போன்ற சின்னப் பை ஒன்று வாங்கி மருந்தை அதில் போட்டாயிற்று, மருந்து கேட் எது என்று முன்கூட்டியே போன் செய்தும் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் இரண்டு கேட் சொன்னார்கள். மூன்றாவது முறை நாளைக்குக் கேட்கிறேன்.

டிசம்பர் 10 அப்பா கிளம்புகிறார். சென்னையிலிருந்து திருச்சிக்கு ராக்போர்ட்டில் வருவார், ஸ்டேஷனுக்கு நீ போய்விடு. பெரிய கண்ணாடிப் பையை உனக்கென்று எடுத்து வருகிறார். உழவர் சந்தையில் தக்காளி நசுங்கியிருந்தால் வெளியிலிருந்தே தெரியுமாம்.

செல்விக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டுச் சொல். பஞ்சுவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாயா?

உன்,
ரகு