நோட்டரி முத்திரை எல்லாவற்றுக்கும் வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்காகத் தங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் 'எந்த வாக்குமூலமானாலும் நோட்டரி முத்திரை கட்டாயம்' என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அது சரியல்ல.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பில் 1746-ஆம் பிரிவு 1976-இலேயே வந்துவிட்டது. பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டால், பொதுவாக அதுவே சத்தியப் பிரமாணத்துக்குச் சமம். பத்திரம்கூட வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். வெளிநாட்டிலிருந்து கையெழுத்திடுபவர் மட்டும் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்படி' என்ற சொற்களையும் சேர்த்தாக வேண்டும். மருமகளின் கல்யாணம் உண்மையானதுதான் என்று ஓசூரில் உட்கார்ந்து எழுதித் தரும் தாய்மாமன், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய மாதிரியை அப்படியே பார்த்து எழுதினால் இந்தச் சொற்கள் விட்டுப்போகும். செலவுக்குப் பொறுப்பேற்கும் ஐ-864 படிவத்துக்கும் நோட்டரி தேவையில்லை.

நம் பாஸ்போர்ட்டுக்கே இணைப்புப் படிவங்களை வெள்ளைத் தாளில் சுய உறுதிமொழியாகத் தரலாம் என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரில் அறிவித்தது. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைகளுக்கு இன்னும் சேதி எட்டவில்லை போல!

அதற்காக நோட்டரி பக்கமே போகவேண்டாம் என்று சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பெரியவர்களுக்குத் தூதரகம் அபிடவிட் கேட்டால் நோட்டரியிடம் போகத்தான் வேண்டும். பதிவு இல்லை என்ற அரசுச் சான்றும் கூடவே வேண்டும். கனடாவுக்குப் படிக்கப் போகும் மைனர் பிள்ளையின் பாதுகாவலர் உறுதிமொழிக்கும் நோட்டரி வேண்டும்.

முத்திரையைவிட முக்கியம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது. கையெழுத்துப் போட்டது இன்னார் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி, விஷயம் உண்மை என்பதற்கு அல்ல. 'இவரை நன்கு அறிவேன்' என்று மொட்டையாக எழுதாமல், எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும், எதை நேரில் பார்த்தார் என்று எழுத வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1965 வரை சேலம் மாவட்டம், 2004 வரை தர்மபுரி, அப்புறம் கிருஷ்ணகிரி. ஒரே ஊரில் பிறந்த அப்பாவுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் காகிதத்தில் மூன்று மாவட்டம் இருக்கும். அதை வாக்குமூலத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிடுவது நல்லது.

கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அடுத்த இதழிலேயே அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.