வாகனம் எண்ணுகிற நாள் சம்பள நாளாகவும் இருக்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு நகரத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் போடுமுன் வாகனக் கணக்கெடுப்பு நடக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட ஒரு சாதாரண வேலைநாளில் சந்தியில் ஆள் நிறுத்தி எண்ணுவதுதான் பொதுவான முறை. கொழும்புக்கு அது சரி. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற ஊர்களின் நெரிசல் வேறு கணக்கில் வருகிறது. மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிய தோட்டத் தொழிலாளர் சம்பள நாள், பிறகு அவர்களுக்கு முன்பணம் கிடைக்கும் அட்வான்ஸ் நாள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, தீபாவளிக்கு முந்திய வாரம். ஹட்டனுக்கு இவற்றோடு டிசம்பர் உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசனும் சேர்கிறது. ஹட்டனிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களும் வேன்களும் பெரும்பாலும் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாகவே ஏறுகின்றன. ஒரு புதன்கிழமைக் கணக்கில் இவை எதுவும் தெரியாது.

இது தெரிந்தவர்கள் அந்தந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும். அவர்களே எண்ணிக் கணக்கைக் கையில் எடுத்துப் போக வேண்டும். அதையும் வரைபடம் முடிவாகுமுன் செய்ய வேண்டும். கான் (வடிகால்) கட்டிக் கொங்கிறீட் போட்ட பிறகு மகஜர் கொடுத்து எதையும் நகர்த்த முடியாது.

எண்ணுவது கடினமான வேலையில்லை, ஒழுங்காகச் செய்ய வேண்டும். சந்திக்கு வரும் ஒவ்வொரு பாதைக்கும் ஒருவர் நிற்கட்டும். தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு வரி. பஸ், லொறி, கார் அல்லது வேன், ஆட்டோ, மோட்டார் சைக்கிள், நடந்து போவோர் என ஆறு பத்தி. காலை 6.30 முதல் 8.30 வரை, பாடசாலை விடும் நேரமான 1.30ஐ உள்ளடக்கி 1.00 முதல் 2.30 வரை, மாலை 4.00 முதல் 6.00 வரை எண்ணினால் போதும். ஒரு சாதாரண நாள், ஒரு சம்பள நாள், இரண்டையும் எடுக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதிகாரிகளிடம் இல்லாத தகவல். மழையா, பனிமூட்டமா என்பதையும் தாளின் தலைப்பில் எழுத வேண்டும், மழை பெய்தால் நடப்பவர் பலர் ஆட்டோவுக்கு மாறிவிடுவார்கள். பிழை வருகிற இடங்கள் மூன்று. திரும்பும் வாகனத்தை இருவர் எண்ணிவிடுவது; சவாரி தேடிச் சுற்றும் ஒரே ஆட்டோவைப் பல ஆட்டோக்களாகக் கணக்கில் சேர்ப்பது; நடப்பவர்களை எண்ணாமலே விடுவது. கடைசிப் பிழைதான் பெரியது. எங்கள் நகரங்களில் வீதியை நிரப்புபவர்கள் நடந்து வரும் மக்கள். மா மூட்டையும் காய்கறிப் பையும் தூக்கிவரும் இருவர் எதிரெதிரே கடக்க ஒன்றரை மீற்றர் நடைபாதை வேண்டும். கான் மூடிமீது கிடைக்கும் அரை மீற்றர் போதாது.

வாகனத் தரிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை கடைவீதியில் நடந்து, நிறுத்தியிருக்கும் வாகனங்களின் இலக்கத் தகட்டிலுள்ள கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்து வந்தால், காலையில் வந்து மாலைவரை அசையாதவை எவை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஒன்பது மணிநேரம் ஒரே வாகனம் பிடித்திருக்கும் இடத்தில் அரை மணிநேரத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு வாகனங்கள் நின்று போகலாம். கடைக்காரர்கள் இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நேரக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன் பேசினால் கூட்டம் சண்டையில் முடியும்.

பாதசாரிக் கடவை எங்கே வேண்டும் என்பதையும் அளந்தே கேட்க வேண்டும். பாதை 7 மீற்றர் அகலம் என்றால், பிள்ளையோ முதியவரோ கடக்க 7 வினாடி ஆகும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வேன் அந்நேரத்தில் ஏறத்தாழ 78 மீற்றர் ஓடிவிடும். ஆகவே கடவையில் நிற்பவருக்கு இருபுறமும் அவ்வளவு தூரமாவது தெரிய வேண்டும். முடக்கை (வளைவை) ஒட்டிக் கோடு போட்டால் அது கிடைக்காது, பனிமூட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். கடவைக்கு அருகில் வாகனம் நிறுத்தத் தடை, ஒரு விளக்கு, முடக்கில் ஒரு கண்ணாடி என்பவை செலவு குறைந்த வேலைகள். மக்கள் பெரும்பாலும் வேகத்தடையைத்தான் கேட்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் அதைக் கேட்காதீர்கள். பாரம் ஏற்றிய லொறி அதில் வேகம் இழந்து பின்வாங்கும். மழைநீர் திசைமாறி எதிர்வீட்டு வாசலில் இறங்கும்.

பாதையை அகலமாக்குங்கள் என்ற கோரிக்கையிலும் நிதானம் தேவை. மேட்டின் அடியை ஒரு மீற்றர் வெட்டினால் மேலே உள்ள தோட்ட லயத்துக்கோ (தொழிலாளர் வரிசை வீட்டுக்கோ) தனி வீட்டுக்கோ பிடிமானம் போய்விடலாம். வெட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தையும் பரிந்துரையையும் கேளுங்கள். தாங்குசுவரில் நீர் வடியத் துளைகள் உண்டா, பாதைநீர் எந்த மதகில் சேர்கிறது என்பதைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழையில் எந்த இடத்தில் நீர் பாதைமேல் ஏறுகிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களே வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துக் கொடுக்கலாம்.

கோரிக்கை எங்கே போக வேண்டும் என்பதில்தான் பல மாதங்கள் வீணாகின்றன. ஹட்டன் ஊடாக ஓடும் ஏ 7 போன்ற ஏ, பீ தரப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு. உள்வீதிகள் நகர சபைக்கு அல்லது பிரதேச சபைக்கு. ஒரே சந்தியில் இவை கூடுவதால், எல்லாருக்கும் ஒரே கடிதத்தின் பிரதியை அனுப்பி, போக்குவரத்துப் பொலிசையும் சேர்த்துக் களத்துக்கு அழைப்பதே பலன் தரும். தோட்டப் பாதைக்குச் சபை நிதி செலவிட முடியாது என்ற பழைய பதிலை ஏற்க வேண்டாம், 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்கும் வழி திறந்தது. 1987ஆம் ஆண்டின் அதே சட்டம், அங்கத்தவர் அல்லாத பிரதேசவாசிகளையும் சபையின் குழுக்களில் சேர்க்க இடம் தருகிறது.

வரைபடத்தைக் காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும். “வீதித் திட்டம் பற்றிய விவரம்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வீதியின் பெயர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, குறுக்குவெட்டு வரைபடம், அளவுப்பட்டியல், கணக்கெடுப்பு நடந்த திகதி எனப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தத் திகதி எந்தக் கிழமை என்று முதலில் பாருங்கள்.

உள்ளூராட்சி சபைகள் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை டிசம்பரோடு முடித்துவிடும். செப்டெம்பர், ஒக்டோபர் சம்பள நாட்களில் கணக்கெடுப்பை முடித்துத் தாள்களை வட்டார உறுப்பினரிடம் கொடுத்தால், ஒரு கடவைக்கும் இரண்டு விளக்குக்குமாவது நிதி ஒதுக்கக் காலம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
ஹட்டன்.