காக்க முடியாத ஒரு வாக்குறுதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் செவிலியர் கல்லூரி ஒன்றில் சமுதாய சுகாதாரச் செவிலியம் கற்பிக்கிறேன். வளரிளம் பருவத்தினருக்கான பால்வினை நோய்ப் பரிசோதனை குறித்து மாணவியரிடம் அண்மையில் அசைன்மென்ட் எழுதச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுள் பெரும்பாலானவை செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் துணையோடு எழுதப்பட்டவை என்பதை அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். மொழி திருத்தமாகவே இருந்தது. ஆனால் 16 வயதுப் பெண்ணிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்ற இடத்தில், ‘நீ சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது என்று முதலில் உறுதியளிக்க வேண்டும்’ என்று ஒருவர்கூட விடாமல் எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

இந்தியாவில் எந்தச் செவிலியரும் அப்படி உறுதியளிக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயது நிறையாதவர் பாலுறவுக்குத் தரும் சம்மதத்தைச் சம்மதமாகவே ஏற்பதில்லை. குற்றம் நடந்ததை அறிந்தவர் யாராக இருந்தாலும் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் தகவல் தெரிவிக்கும் கடமை அப்படியே நிற்கிறது. நம்பி வாய் திறந்த பெண்ணின் வீட்டு வாசலில் மறுநாள் காவலர் வந்து நின்றால், அவளும் சரி, அவளுடைய தோழியரும் சரி, பிறகு மருத்துவமனைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்களா?

செயலி வேறொரு நாட்டின் நடைமுறையை ஒட்டிப் பேசுகிறது. அமெரிக்காவில் பாலுறவில் ஈடுபடும் 24 வயது வரையுள்ள பெண்களுக்குக் கிளமிடியா, கொனோரியா ஆகிய பால்வினை நோய்களுக்கான பரிசோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. வயது நிறையாதவர்கள் தாமே இசைவளித்து இத்தகைய சிகிச்சை பெற அங்கே எல்லா மாநிலங்களும் இடம் தருகின்றன. நம் அரசு மருத்துவமனைகளிலோ அறிகுறிகளைக் கொண்டே நோயை வகைப்படுத்தி, வண்ணம் பிரித்த மருந்துப் பெட்டிகளிலிருந்து சிகிச்சை தருகிறோம். அறிகுறியே காட்டாத கிளமிடியா இதில் தப்பிவிடும் என்பது நம் முறையின் மெய்யான குறை. அதைப் பற்றி ஒரு மாணவியும் எழுதவில்லை என்பதே எனக்கு மிகுந்த வருத்தம்.

மொழியிலும் இதே இடைவெளிதான். ‘நீங்கள் பாலியல் ரீதியாகச் செயலில் உள்ளவரா?’ என்பது செயலி தந்த கேள்வி. எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெண் ‘வெள்ளைப்படுது’ என்பாள், ‘நாள் தள்ளிப் போச்சு’ என்பாள், பல நேரம் ‘வயிறு வலிக்குது’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அந்த மௌனத்திலிருந்து கேள்வியைத் தொடங்கத் தெரிந்தவரே நல்ல செவிலியர்.

இந்தச் செயலிகளைத் தடை செய்ய வேண்டும் என்று நான் கோரவில்லை. கூச்சத்தால் அந்தச் சொற்களை உச்சரிக்கவே தயங்கிய மாணவி ஒருத்தி, செயலியை நோயாளியாகப் பேசவைத்து ஒரு வாரம் பழகிய பின் தயக்கமின்றிக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வார்டில் பார்த்த நோயாளியின் விவரங்களை அதில் உள்ளிட்டுப் பராமரிப்புத் திட்டம் கேட்பதை எந்தக் கல்லூரியும் அனுமதிக்கக் கூடாது, எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் நிலையை ரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. இப்பாடத்தில் எழுத்து அசைன்மென்டுக்கான மதிப்பெண்ணைக் குறைத்து, தமிழில் நேர்முகமாகப் பேசிக் காட்டும் தேர்வுக்குக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். மாணவியர் மருத்துவமனைப் பயிற்சிக்குச் செல்லும் முன்பே போக்சோ கடமைகளைக் கற்பித்து, எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை வெளியே சொல்லியாக வேண்டும் என்பதை முதல் கேள்விக்கு முன்னதாகவே அந்தப் பெண்ணுக்கு எளிய சொற்களில் விளக்கப் பழக்க வேண்டும்.

இப்படிக்கு,
செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருவர்,
மதுரை.