வருவேனா, வந்துவிடுவேனா

வ்ரோத்ஸ்வாஃப், போலந்து,
நவம்பர் 30

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "எப்போதுதான் ஊருக்கு வருவாய்?" என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

நேற்று இரவு இங்கே அன்ஜேய்கி. புனித அந்திரேயா திருநாளுக்கு முந்தைய இரவு, குறி பார்க்கிற இரவு. உருக்கிய மெழுகைச் சாவியின் துளை வழியாகக் குளிர்ந்த நீரில் ஊற்றுவார்கள். உறைந்ததை எடுத்து மெழுகுவத்தி முன்னால் பிடித்தால் சுவரில் நிழல் விழும். அந்த உருவத்தை வைத்து வருகிற வருடத்தைச் சொல்வார்கள். என் நிழலைப் பார்த்து, கூட வேலை செய்யும் பெண் கப்பல் என்றாள். கப்பல் என்றால் பயணமாம். எனக்கு உன் கேள்விதான் ஞாபகம் வந்தது.

போலிஷ் மொழியில் இவர்கள் எதிர்காலத்தை 'ப்ஷிஷ்வொஷ்ச்' என்கிறார்கள். கடந்தகாலம் 'ப்ஷெஷ்வொஷ்ச்'. வித்தியாசம் ஒரே ஓர் உயிரெழுத்து! முதலாவது வந்து சேர்வது, இரண்டாவது கடந்து போவது. நாம் வருங்கால மனைவி என்பதை இவர்கள் 'ப்ஷிஷ்வா ஜோனா' என்பார்கள். ஆனால் 'ப்ஷிஷ்வா' என்று தனியாகச் சொன்னால் 'வந்தாள்' என்று அர்த்தம். இன்னும் வராதவளை வந்தவள் என்றே அழைக்கிற மொழி. அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

என்னை அதிகம் படுத்தியது வினைச்சொல்தான். 'படிப்பேன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக இங்கே வழியில்லை. 'பெந்தே ச்சிதாச்' என்றால் படித்துக்கொண்டிருப்பேன்; முடிப்பேனா என்பது அதில் இல்லை. 'ப்ஷெச்சிதாம்' என்றால் முழுக்கப் படித்து முடித்துவிடுவேன். வாயைத் திறக்கும் முன்பே எது என்று முடிவு செய்தாக வேண்டும். நம் 'விடு' செய்கிற வேலைதான் இது. ஆனால் நமக்கு அது விருப்பம், இவர்களுக்குக் கட்டாயம். ஐந்து வருடமாக உனக்கு நான் எழுதிய 'வருவேன்' எல்லாம் எந்த வகை என்று யோசித்தேன். அதனால்தான் பதில் தாமதமானது.

வேலை விஷயம் கேட்டாய். என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று இன்னும் சொல்லவில்லை. வேலை வாய்ப்புக்கு இங்கே 'பெர்ஸ்பெக்திவி' என்பார்கள், 'விதோகி' என்றும் ஒரு சொல் உண்டு. 'விதோக்' என்றால் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற காட்சி. அதை வைத்து வாய்ப்பு இல்லை என்று சொன்னால், ஜன்னலுக்கு வெளியே பார்க்க எதுவும் தெரியவில்லை என்று சொல்வது போல இருக்கும், கேட்கவே மனசு கனத்துப்போகும். கவலைப்பட்டால் உடனே ஒருவர், 'யாகோஷ் தோ பெஞ்ஜே', எப்படியாவது நடந்துவிடும் என்பார். பொறுப்பில்லாத பேச்சு என்று அதைத் திட்டுகிறவர்களும் இங்கே உண்டு. நான் திட்டமாட்டேன். கையில் ஒன்றும் இல்லாதபோது ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்குக் கொடுக்கக்கூடியது அதுதான். மேலாளர் மட்டும் 'போஜியெமி, ஸொபாச்சிமி' என்றார். வாழ்ந்து பார்ப்போம், அப்புறம் தெரியும் என்று பொருள். அவர் வாயில் அது நன்றாக இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஒப்பந்தம் எப்படி ஆனாலும் ஆகட்டும். பொங்கலுக்கு 'ப்ஷியாதே', அதாவது வந்துவிடுவேன். டிக்கெட் எடுத்தாயிற்று, ஜனவரி 11 அதிகாலை சென்னையில் இறங்குகிறேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் இந்த முறையும் நம்பமாட்டாள்.

அன்புடன்,
உன் தோழி