கத்தி மேல் தப்பில்லை, மாப்ளே

அன்பு மாப்ளே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும். "மடக்குச் சவரக் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், இனி பழைய ரேசர்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுத்து எரிகிறது, தாடை ஓரமெல்லாம் கீறல், சாணை பிடித்துப் பார்த்தும் பலனில்லை என்கிறாய். கத்தி மேல் தப்பே இல்லை. நீ அமுக்கி எடுக்கிறாயே, அந்த டப்பா ஷேவிங் நுரைதான் காரணம்.

சாதாரண ரேசரில் நாலு இழுப்பு இழுத்தால் முகம் முடிந்துவிடும். மடக்குக் கத்தியில் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன இழுப்பாக வந்து, நடுவில் கத்தியைத் துடைத்து, கை மாற்றி என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். கிருதாவில் ஆரம்பித்து மோவாய்க்கு வருவதற்குள் அந்த நுரை வாடி, பளபளப்பு போய், தோலோடு ஒட்டிக் கிடக்கும். அதன் மேல் கத்தி வழுக்காது, பிறாண்டும். பார்க்கத்தான் கொழுகொழுவென்று இருக்கிறது, உள்ளே பெரும்பாலும் காற்று. வழுக்குவது தண்ணீரும் சோப்பும்தான்.

சரி, அந்த டப்பாவுக்குப் பதில் ஷேவிங் சோப்பா க்ரீமா? இரண்டும் அடிப்படையில் ஒன்றுதான், ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துச் செய்வது. பொட்டாசியக் காரம் போட்டால் இளக்கமாக வரும், சோடியம் போட்டால் கெட்டியாகும். க்ரீமில் பெரும்பாலும் பொட்டாசியம், கூடவே நிறையத் தண்ணீர். ஷேவிங் சோப்பில் பல கம்பெனிகள் இரண்டையும் கலக்கிறார்கள். குளிக்கிற சோப் பெரும்பாலும் சோடியம் என்பதால் நுரை வந்த வேகத்தில் அடங்கிவிடும், உன் அத்தான் மாதிரி அதைத் தேய்த்துக்கொண்டு நிற்காதே.

நான் சோப் கட்சி. க்ரீமில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருக்கிறது, விரல் நுனி அளவு எடுத்தால் சட்டென்று நுரை வரும், அவசரத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சோப்பில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஈரம் என்பது முழுக்க உன் கையில் இருக்கிறது. பிரஷை நனைத்து உதறிவிட்டு சோப்பின் மேல் அரை நிமிடம் சுற்று, பிரஷ் நுனியில் பசை மாதிரி ஏற வேண்டும். அப்புறம் முகத்தில் தேய்க்கும்போது விரலால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போ. குமிழிகள் மறைந்து, நுரை மேல் ஈரப் பளபளப்பு வரும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் நழுவும். அங்கே நிறுத்து. இந்தக் கத்திக்கு நுரை மெல்லிசாக இருப்பதுதான் நல்லது, விளிம்பு எங்கே போகிறது, தோலில் மரு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். நல்ல சோப்பானால் வழித்த இடத்திலும் ஒரு வழவழப்பு மிச்சமிருக்கும், நுரை இல்லை என்று பயப்படாமல் ஈரக் கையால் தடவிவிட்டு இன்னொரு இழுப்பு இழுக்கலாம். எனக்கு இதற்காகவே சோப் பிடிக்கும்.

நம் சிநேகிதன் நெட்டையன் க்ரீம்தான் உசத்தி என்று சத்தியம் செய்வான். அவன் வீட்டுத் தண்ணீர் உப்பு என்பதை மட்டும் சொல்ல மாட்டான். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடும், நுரை எழும்பாது. க்ரீமுக்கும் இதே கதிதான், என்ன, அதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகப் பிதுக்கிவிடுகிறோம். உன் வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா பார். படிந்தால் சோப்பைக் கூடுதலாக ஏற்று, இல்லாவிட்டால் நுரைக்கு மட்டும் ஒரு கோப்பை டிஸ்டில்டு வாட்டர் எடுத்து வைத்துக்கொள்.

இன்னொன்று, தோலை இழுக்கும் விரல் வழுக்கினால் எந்த நுரையும் உன்னைக் காப்பாற்றாது. பிடிக்கிற இடத்தைத் துடைத்துக்கொள், விரல் நுனியில் கொஞ்சம் படிகாரம் தேய்த்தால் பிடி கிடைக்கும். முடிந்ததும் கத்தியில் நுரையை விட்டுவைக்காதே, பிடிக்குள்ளும் ஈரம் போகக் கூடாது, கார்பன் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். அப்பாவின் கத்தி அது.

இனி சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ரத்தம் உறையாமல் இருக்க நீ மாத்திரை சாப்பிடுகிறாய் என்று நெட்டையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கழுத்து எரிச்சலையும் கீறலையும் எழுதத் தெரிந்த உனக்கு அதை ஒரு வரி எழுதத் தோன்றவில்லையா? எனக்குக் கோபம்தான். சின்னக் கீறல்கூடச் சீக்கிரம் நிற்காமல் கசியும், மாப்ளே. டாக்டரிடம் நேராகக் கேள், "மடக்குக் கத்தியால் சவரம் செய்கிறேன், செய்யலாமா" என்று. வேண்டாம் என்றால் வேண்டாம், மின்சார ரேசருக்கு மாறிக்கொள், கத்தியை எண்ணெய் தடவி வைத்துவிடு. சரி என்றால் எழுது, என்னிடம் இருக்கும் சோப்பில் பாதியை வெட்டி அனுப்புகிறேன். மாத்திரை பேர், எத்தனை நாள் சாப்பிடச் சொன்னார்கள், எல்லாவற்றையும் எழுது, மழுப்பாதே.

அன்புடன்,
உன் மாப்ளே